ஆர்க்கை அணைக்கத் தெரிந்த கை

அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வைக்கிற பட்டறைக்குள் நுழைந்தால் கண் முதலில் போவது வெல்டின் அழகுக்குத்தான். ஒரே அகலம், வரி வரியாகப் பளபளப்பு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் குனிந்து பார்ப்பது வெல்டு முடிகிற இடத்தை. அங்கே சின்னதாக ஒரு குழி, அதன் நடுவிலிருந்து பிரியும் இரண்டு மூன்று மயிரிழைக் கீறல்கள் என்று இருந்தால், மற்ற அழகுக்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

அந்தக் கீறல் உலோகம் ஆறிய பிறகு வந்ததல்ல, உறையும்போதே விழுந்தது. உருகிய அலுமினியம் உறைகையில் கனஅளவில் சுமார் 6 சதவீதம் சுருங்கும். கலப்புலோகமோ ஒரே நொடியில் உறைவதில்லை. படிகங்கள் முதலில் கெட்டிப்பட, அவற்றுக்கிடையே மெல்லிய திரவப் படலம் கொஞ்ச நேரம் தங்கும். கலவை காயாத செங்கல் சுவரை இருபுறமும் பிடித்து இழுத்தது போலத்தான் அப்போது நிலைமை. வேலைத்துண்டை அசைய விடாமல் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தால் இழுவிசை இன்னும் கூடும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 6061 ரகத்தில் மக்னீசியம் சுமார் 1 சதவீதம், சிலிக்கான் 0.6 சதவீதம். வம்பே இந்த அளவில்தான். வெல்டில் உருகிச் சேரும் ராடு கொடுக்காமல் ஆர்க்கில் மட்டும் உருக்கி ஒட்டினால், பிளக்க இதைவிட வசதியான கலவை அமையாது. 5 சதவீதம் சிலிக்கான் கொண்ட 4043 ராடையோ, 5 சதவீதம் மக்னீசியம் கொண்ட 5356 ராடையோ தாராளமாகக் கொடுத்தால் கலவை அந்த ஆபத்தான அளவைத் தாண்டிவிடும். விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து வி வடிவப் பள்ளம் எடுப்பதன் லாபமும் இதுதான்: ராடு அதிகம் உள்ளே போகும். இங்கே சிக்கனம் பார்ப்பவர் கீறலை விலைக்கு வாங்குகிறார். அனோடைஸ் செய்யப்போகும் கைப்பிடிக் கம்பி என்றால் 4043 வேண்டாம்; வெல்டு மட்டும் கறுத்து நிற்கும்.

அசிட்டோனில் துடைத்து, எவர்சில்வர் பிரஷ் போட்டால் கிராக்கே வராது என்று சிலர் சொல்வார்கள். துடைக்க வேண்டியதுதான், ஆனால் அது வெல்டுக்குள் காற்றுத் துளை விழாமல் இருக்கச் செய்யும் வைத்தியம்.

சரி, முடிக்கும் இடத்துக்கு வருவோம். அவசரக்காரர் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுவார். குழி நிரம்பாமலே உறைந்து பிளக்கும். கைதேர்ந்தவர் கரண்டைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே ராடை இன்னும் ஓரிரு முறை தொட்டு, குழி மேடாகும்வரை நிரப்புவார். ஆர்க் அணைந்த பிறகும் டார்ச்சை எடுக்காமல் ஆர்கானை அதன்மேல் ஓடவிடுவார். பெடல் இல்லாத இடத்தில், போட்ட வெல்டின் மீதே கொஞ்சம் திரும்பி வந்து அணைப்பதும் உண்டு.

எந்தக் கைக்கும் எளிதில் அடங்காத ரகம் 7075. விமான பாகங்களில் அதை ரிவெட் அடித்தும் போல்ட் போட்டும் சேர்ப்பது சும்மா இல்லை. உருகினால்தானே உறையும்போது பிளக்கும்? உலோகத்தை உருக்காமல், சுழலும் கருவியால் பிசைந்தே இணைக்கும் முறையை இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் 1991-இல் கண்டுபிடித்தது. டைட்டானியம் கார்பைடு நுண்துகள் கலந்த ராடால் 7075-ஐக் கீறலின்றி வெல்டு செய்ததாக லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2019-இல் அறிவித்தார்கள். நம் தெருப் பட்டறையில் அதெல்லாம் ஏது? “இதுக்கு வெல்டிங் நிக்காது சார், போல்ட் போட்டுக்குங்க” என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற வெல்டருக்கு நான் கூடுதலாகவே மதிப்பெண் போடுவேன்.