மக்கு என்று சொல்லாதீர்கள்



நாம் கூடியிருக்கும் இதே மயிலாப்பூரில்தான் 1952 அக்டோபர் 19 அன்று பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டு, டிசம்பர் 15 அன்று உயிரையே விட்டார். மாநிலம் பிரிந்தது. சென்னைத் தெலுங்கர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். தி. நகரில் தெலுங்கு கேட்காத தெரு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம்! அந்த வீடுகளில் எழுத்தைக் கண்டாலே அழும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அப்படி ஒரு பிள்ளை அம்மம்மாவிடம் தெலுங்கு பேசுகிறது. பள்ளியில் பாடம் ஆங்கிலம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழும் படித்தாக வேண்டும். வாசிக்கத் திணறினால் வீட்டில் என்ன சொல்கிறோம்? "மூணு பாஷை குழப்புது, போகப் போகச் சரியாயிடும்." பள்ளியில்? "கவனம் போதாது." இப்படியே அஞ்சாம் வகுப்பு வந்துவிடுகிறது.

மூன்று மொழி கேட்டு வளர்வதால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு வராது. ஒலியை எழுத்தோடு பொருத்துகிற வேலையில் மூளைக்கு ஏற்படும் சிரமம் அது. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கெட்டிக்காரப் பையன், ஆனால் வாசிக்க வரவில்லை என்று ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிவிட்டார்.

"அது ஆங்கிலத்துக்கு வருகிற தொல்லை சார், நம்ம மொழியில் எழுதியபடி வாசித்தால் போச்சு" என்பவர்கள் உண்டு. 'கொடி' என்று எழுதிப் பாருங்கள். வாய் முதலில் சொல்வது க. கண் முதலில் பார்ப்பது கொம்பு. பிறகு க, அதன்பின் கால். மூன்றையும் சேர்த்துத்தான் ஓர் ஒலி! தெலுங்கில் 'அம்மா' எழுதினால் இரண்டாவது மகரம் சின்ன வாலாகச் சுருங்கிக் கீழே தொங்கும். தமிழிலோ முதல் மகரத்தின் தலையில் புள்ளி. ஒரே அம்மாவுக்கு ஒரு மொழியில் கண் கீழே போக வேண்டும், மற்றொன்றில் மேலே.

எழுதியபடி வாசிக்கும் மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அவ்வளவாகத் தப்பு விடுவதில்லை, மெதுவாக வாசிக்கும். மெதுவாக வாசித்தால் சோம்பேறி என்று பெயர். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

சரி, சோதித்துப் பார்க்கலாம் என்றால் எந்த மொழியில்? மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் இந்திய மொழிகளுக்கென்று ஒரு சோதனையைக் கொண்டுவந்தது. முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழும் தெலுங்கும் அந்த முதல் வரிசையில் இல்லை. நம் ஊரில் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளைக்கு அது என்ன சோதனை?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கேட்கலாம். நல்ல சலுகைதான். ஆனால் விலக்கு என்றதும் நாம் கைகழுவுவது எப்போதும் வீட்டு மொழியைத்தான், ஆங்கிலத்தைத் தொடமாட்டோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இன்னும் சிலர் குறைபாட்டுச் சான்றிதழையே பீரோவில் பூட்டிவைக்கிறார்கள், நாளைக்குக் கல்யாணம் தடைப்படுமாம்!

தி. நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பல ஆண்டுகளாக இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்து, திரும்பவும் வழக்கமான பள்ளிக்கே அனுப்பிவருகிறது. ஒரே சங்கம் எத்தனை பேரைத் தாங்கும்?

ஆசிரியர்களே, வாசிக்கத் திணறும் பிள்ளையை ஒரு கதையை அதன் வீட்டு மொழியில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கதை சரளமாக வந்து வாசிப்பு மட்டும் நொண்டினால், இரண்டாம் வகுப்பிலேயே சோதனைக்கு அனுப்புங்கள். அரசுக்கு நம் கோரிக்கை ஒன்றுதான்: தமிழ், தெலுங்கு இரண்டிலும் சோதிக்கத் தெரிந்த சிறப்பாசிரியர்களைப் பள்ளிகளுக்குத் தாருங்கள். அந்தக் கோரிக்கை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.