நெல்வயலின் மீத்தேன்: அளப்பது யார்?



இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக 1990இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. மேலைநாட்டு வயல்களில் எடுத்த அளவைகளை இந்தியாவின் மீது ஏற்றிய கணக்கு அது. புவி வெப்பமாதலின் பழி ஏழை உழவர் தலையில் விழுந்தது.

1991இல் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், பல ஆய்வு நிறுவனங்களை ஒருங்கிணைத்து வயல்களிலேயே அளந்தது. கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில்தான் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. இந்திய நெற்பரப்பில் பெரும்பகுதியோ மானாவாரி, அல்லது இடையிடையே காய்வது.

ஆயினும் மீத்தேனைக் குறைத்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. பருவம் தவறினால் முதலில் நொடிந்துபோவது சிறு உழவரே. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேனும் குறையும், நீரும் மிஞ்சும். ஆனால் அடுத்த முறை நீர் வரும் என்ற உறுதியின்றிக் கடைமடை உழவர் வயலைக் காயவிட முடியுமா?

எனவே பன்னாட்டு ஆய்வுக் கூட்டுறவு வரட்டும். ஆனால் அளவீடு இந்திய வயல்களில் நடக்கட்டும். தரவு மக்களுக்குப் பொதுவாகட்டும். பாசனத்திற்கு அரசு பொறுப்பேற்கட்டும். செல்வ நாடுகளின் புகைபோக்கிக் கணக்கை உழவர் பெயரில் எழுத எவருக்கும் உரிமையில்லை.