ஊற்றைக் காத்துக்கொள்வோம்

(வடசென்னையில் நடைபெற்ற மருத்துவமனை ஆதரவாளர் ஜெபக்கூடுகையில் கொடுக்கப்பட்ட தேவசெய்தியின் சுருக்கம்)



இன்று நாம் தியானிக்க எடுத்துக்கொண்டது நீதிமொழிகள் 4:23. வேறு எதைக் காப்பதைக்காட்டிலும் இருதயத்தைக் காப்பதே முதல் வேலை என்று ஞானி அங்கே தன் மகனுக்குப் புத்தி சொல்லுகிறான். வாழ்வு ஊறிவருவது அங்கிருந்துதான் என்பது அவன் சொல்லும் காரணம்.

ஆஸ்பத்திரியில் இருதயம் என்றால், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் தசை. வேதத்திலோ அதன் பொருள் பெரிது. எபிரெயர் அதை 'லேவ்' என்றார்கள். பழைய ஏற்பாட்டில் இச்சொல் 800 தடவைக்கு மேல் வருகிறது. நினைப்பது, தீர்மானிப்பது, ஆசைப்படுவது, பயப்படுவது எல்லாம் அங்கேதான். ஆகவே இருதயத்தின் நிலை என்பது முழு மனுஷனின் நிலை.

1. ஊற்றைப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்ந்ததை நாம் மறக்கவில்லை. படகும் வலையும் கறுத்துப்போயின. மீனவ சகோதரர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் நிரப்பினார்கள். அழுக்கு தெரிந்தது முகத்துவாரத்தில். ஆனால் அது புறப்பட்டது வேறு இடத்தில்.

வீட்டில் வெடிக்கும் கடுஞ்சொல்லும், சபையில் கிளம்பும் பிரிவினையும், பாட்டிலைத் தேடும் கையும் அப்படியே. மாற்கு 7-ம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் போதித்ததும் இதுவே: மனுஷனைக் கெடுப்பது உள்ளிருந்து புறப்படுகிறது. வாயை மாத்திரம் கழுவிப் பயனில்லை. மூலத்தில் அடைக்காதவரை, மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேதான் இருப்போம்.

2. பரிசோதனைக்கு ஒப்புக்கொடுங்கள்

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்றே பலர் எண்ணுகிறார்கள். சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கும், முதியவர்களுக்கும், பெண்களுக்கும் சில வேளைகளில் நெஞ்சுவலி இல்லாமலே அது வருவதுண்டு. மூச்சு வாங்கும், வேர்க்கும், உடம்பு அசந்துபோகும். "வாயுதான்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் உண்டு. வலி இல்லை என்பதால் வியாதி இல்லை என்று ஆகிவிடாது.

நீதிமொழிகள் 21:2 சொல்வது இதற்கு ஒப்பானது. நம் வழி நம் கண்ணுக்கு எப்போதும் சரியாகவே தோன்றுகிறது; இருதயத்தை நிறுத்துப் பார்க்கிறவரோ கர்த்தர். பல வருஷத்து மனக்கசப்பு வலிக்காமலே உள்ளே இருக்கக்கூடும். ஊழியம் செய்கிற நமக்கும், காணிக்கை கொடுக்கிற நமக்கும் இந்தத் தராசு பொதுவானது. ரசீதில் தொகை மாத்திரமே எழுதப்படும். எந்த மனதோடு கொடுத்தோம், எந்த மனதோடு காயத்துக்குக் கட்டுப்போட்டோம் என்பதை அவர் ஒருவரே அறிவார்.

3. நல்ல வார்த்தையைக் கொண்டுபோங்கள்

கவலை இருதயத்தை அமுக்கிவிடும், ஒரு நல்ல வார்த்தை அதைத் தூக்கிவிடும் என்பது நீதிமொழிகள் 12:25-ன் கருத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அதே நாட்களில்தான் பள்ளிக்கூடச் செலவும் வந்து நிற்கும். இரத்த அழுத்த மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளலாமா என்று எண்ணம் ஓடும். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையும் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்கிற ஒரு ஆளும் வேண்டும்.

டாக்டர் மட்டில்டா மக்பெயில் அம்மையார் 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டத் தயங்கிய பெண்களுக்கு அவர் செய்த ஊழியமே பின்னாளில் ரெய்னி ஆஸ்பத்திரியாக வளர்ந்து, இன்றும் வடசென்னையில் நிற்கிறது. கட்டிடம் வருமுன்னே, அந்தப் பெண்களின் வேதனைக்கு இடங்கொடுத்த ஒரு இருதயம் இருந்தது.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் மூன்று காரியங்களைச் செய்வோமா? நாற்பது வயதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு அற்றுப்போன ஒரு உறவினர் வீட்டுக்கதவைத் தட்டுங்கள். உங்கள் தெருவில் படுத்திருக்கும் ஒரு நோயாளியின் அருகே பத்து நிமிஷம் உட்காருங்கள்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்களுக்கே தெரியாத எங்கள் இருதயத்தை நீர் சோதித்துச் சொஸ்தமாக்கும். எங்களிடமிருந்து புறப்படுவது பிறருக்கு நல்ல தண்ணீராயிருக்கச் செய்யும். ஆமென்.