வயசானா வலிக்கத்தான் செய்யுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்றுநர் பேசியது)

அன்பான உறுப்பினர்களே, ஊக்குநர், பிரதிநிதிகளே, பின்னால் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே!

இன்றைக்குக் கடன், தவணை பற்றிப் பேச நான் வரவில்லை. முட்டி வலி பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே 60 வயசு தாண்டினவங்கள்ல முட்டி வலி இல்லாதவங்க கை தூக்குங்கன்னு கேட்டா எத்தனை கை வரும்? சிரிக்கிறீங்க. அதுதான் பதில்.

நாற்று நட்டு, களை எடுத்து, குடம் சுமந்து 40 வருஷம் உழைத்த உடம்பு இது. முட்டி எலும்புகளுக்கு நடுவில் குருத்தெலும்பு மெத்தை மாதிரி இருக்கிறது. அது தேயத் தேய வலியும் விறைப்பும் வருகின்றன. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. ஒரு நாளில் வந்ததல்ல, ஒரு ஊசியில் போகவும் போகாது. ஆனால் நிச்சயமாகக் குறைக்க முடியும்.

நம்ம அம்மாக்கள் என்ன செய்யறாங்க? பாதிப் பேர் வாய் திறக்கறதில்லை. மீதிப் பேர் கடையில் "ஒரு செட்" மாத்திரை வாங்கிப் போட்டுக்கறாங்க. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கூலி போயிடக் கூடாதுன்னு களை எடுக்கப் போகும் நாளெல்லாம் அப்படித்தான் போட்டுக்கொண்டார். மாத்திரையின் பெயர் தெரியாது. வலி பறந்துவிட்டது. ஒரு வருஷத்தில் முகம் உப்பியது. "உடம்பு தேறியிருக்கே" என்று ஊரே சொன்னது. பரிசோதித்தால் சர்க்கரை 300-க்கு மேல். அந்த செட்டில் ஸ்டீராய்டு இருந்தது.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை பலவீனமாக்கும். மற்ற வலி மாத்திரைகளும் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். இதுவரை போட்டு வந்தவர்கள் பயந்து திடீரென்று நிறுத்தக் கூடாது, அதுவும் ஆபத்து. மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அரசு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, 5 எண்ணும் வரை அழுத்தி விடுங்கள். 10 தடவை, காலையும் மாலையும். தொடைச் சதை பலப்பட்டால் முட்டியின் பாரம் குறையும்.

2. வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவங்களுக்குச் சூடு தெரியாது. வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்கணும்.

3. ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கணும். பல பேர் மாற்றித்தான் பிடிக்கறாங்க.

4. உடம்பு அதிகம் இருந்தால் குறையுங்கள். 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது.

5. வலிக்குதேன்னு படுத்தே இருக்காதீங்க. தொடைச் சதை சுருங்கி வலி கூடும். கொஞ்சம் நடங்க, கொஞ்சம் உட்காருங்க.

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

இப்போது யாரும் வெளியே சொல்லாத ஒன்று. கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடியாததால், பல அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு அதனால்தான் வருகிறது. மருமகள்களே, மகள்களே, உங்க வீட்டுல அத்தை எவ்வளவு தண்ணி குடிக்கறாங்கன்னு பாருங்க. நடுவில் ஓட்டை உள்ள ஒரு நாற்காலியை பேசின் மேல் போட்டால் போதும். ஆடு, மாடு வாங்க உள்கடன் கேட்கிறோம். இந்த நாற்காலிக்கும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

"வயசானா அப்படித்தான்" என்று நாம் சொன்னால் அவர்கள் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள். யாரும் கேட்காத வலி ராத்திரியில் இரண்டு மடங்காகத் தெரியும். "எங்க வலிக்குது அத்தை?" என்று கேட்டுவிட்டு 2 நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். வலி போகாது, ஆனால் தூக்கம் வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அதன் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். வர முடியாத முதியோரின் பெயரைக் குழுவாரியாக எழுதி, கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து என்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் 2 நாற்காலி கொண்டு வாங்க. இந்தக் குழுக்களை உருவாக்கினவங்க தரையில் உட்கார முடியலன்னு கூட்டத்துக்கு வராம நின்னுடக் கூடாது.