கப்பல் பதிவேட்டில் நம்ம சனம்

தோழர்களே, நம்ம சேரியில பாட்டனுக்கு மேல பேர் சொல்றவங்க அபூர்வம். ஊர்க்காரன் ஏழு தலைமுறை ஒப்பிக்கிறான். அவன்கிட்ட பட்டா இருக்கு. நமக்குக் கூலிக் கப்பல் பதிவேடு இருக்கு.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனைத் தொட்டது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்கு ஏற்றப்பட்டார்கள். ஆளுக்கொரு எண். பேர், அப்பன் பேர், வயசு, சாதி, தாலுகா, கிராமம், உடம்புத் தழும்பு வரைக்கும் எழுதினான் வெள்ளைக்காரன். ஓடிப்போனால் பிடிக்க அடையாளம் வேணுமே!

எங்க பாட்டனோட பெரியப்பா கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். எந்தத் தேசம்னு ஆயாவுக்குத் தெரியாது. பேரை மட்டும் மறக்காம வெச்சிருந்தது. நேட்டால் பட்டியலில் எங்க ஊர்ப் பேரே உருத்தெரியாமல் சிதைந்து கிடந்தது. சாதிக் கட்டத்தில் 'பறையன்'. வசவாக வீசப்பட்ட அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், அப்பன் பேரையும் ஒத்துப் பார்த்து, என் ரத்தத்தைக் கண்டெடுத்தேன். தழும்பு: முதுகில். கப்பலேறும் முன்னாடியே வாங்கியது. அடித்தவன் பேருக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அங்கே அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் உங்க சேரிக் கிழவிகளிடம் கேளுங்க, கப்பலேறினவங்க யார் யாருன்னு. இந்த வருஷமே கேளுங்க.