தட்டில் ஒரு சொட்டு சோப்பு, பிள்ளை நெஞ்சில் ஒரு சொட்டு மருந்து

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் வரவு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ ஒரு தட்டு, கொஞ்சம் தண்ணீர், மிளகுத்தூள், பாத்திரம் தேய்க்கிற சோப்பு கொண்டு வந்திருக்கிறோம். தண்ணீர் மேலே தூளைத் தூவியாச்சு, மிதக்குது. சோப்பு தொட்ட விரலை நடுவில் வைக்கிறோம். பாருங்க, தூள் எல்லாம் ஓரத்துக்கு ஓடிப்போச்சு!

சோப்பு தள்ளிவிட்டது என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கும். சோப்பு பட்ட இடத்தில் அந்த இழுப்பு குறையும். சுற்றியுள்ள தண்ணீர் பழைய பலத்தோடு இழுக்கும். கயிறு இழுக்கிற போட்டியில் ஒரு பக்கத்தார் கை தளர்ந்தால் கயிறு எங்கே போகும்? அப்படித்தான். அந்த இழுப்போடு சோப்பும் மெல்லிசாகப் பரவிவிடும்.

ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்று ஒரு பெண், வீட்டு வேலையும் நோயாளிப் பெற்றோரையும் பார்த்துக்கொண்டே, ஒரு தகரத் தொட்டித் தண்ணீரில் இந்த இழுப்பை அளந்தார். கல்லூரி போகாதவர். 1891-ல் அவர் எழுதிய கடிதம் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் அச்சானது. பாத்திரம் கழுவுகிற நமக்கும் கொஞ்சம் பெருமைதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப் பைகள் இருக்கு. உள்ளே மெல்லிய ஈரம். அந்த ஈரமும் இழுக்கும். சும்மா விட்டால் பைகள், நனைந்த பிளாஸ்டிக் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்க நுரையீரலே சோப்பு மாதிரி ஒன்றைச் சுரக்குது. டாக்டர்கள் சர்ஃபாக்டன்ட் என்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு அது போதுமான அளவு சுரக்கவே ஏறக்குறைய 35 வாரம் ஆகும். முன்னாடியே பிறந்த பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும். இந்தக் குறைதான் காரணம் என்று 1959-ல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டரும் அவரோடு வேலை செய்தவரும் காட்டினார்கள். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த அந்தப் பொருளைக் குழாய் வழியாக 10 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். மூச்சு சீரானது. மூச்சுக்குழாயில் விட்ட மருந்து, தட்டில் பார்த்த மாதிரி, ஈரத்தின் மேலேயே பரவி உள்ளே போகிறது.

இன்னொரு வழி அம்மாவுக்குப் போடும் ஊசி. 1972-ல் நியூசிலாந்து டாக்டர்கள் காட்டியது. பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும். ஆனால் ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேணும்.

இங்கேதான் நம்ம தப்பு. நம் குழு அக்கா ஒருவரின் மகளுக்கு ஏழாம் மாதத்தில் இடுப்பு வலி வந்தது. சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் கொடுத்து, விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். ஆமாம், நாங்களும்தான் கூட இருந்தோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. குழாயில் மருந்து விட்டு, பல நாள் மெஷினில் வைத்துத்தான் பிழைத்தது. அந்த ராத்திரியை நாங்கள் வீணாக்கியிருக்கக் கூடாது.

'ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது' என்று கிழவிகள் சொல்வார்கள். அது சரியில்லை. வயிற்றில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான்.

மாதம் நிறையுமுன்னே வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ கஷாயம் வேண்டாம். ராத்திரியானாலும் 108-க்குப் போன் போடுங்க. போனதும் எத்தனை வாரம் என்று முதலில் சொல்லுங்க. ஊசி போடுவதா என்று டாக்டர் முடிவு செய்ய அந்தக் கணக்கு வேணும். நம் குழுக்களில் இப்போ கர்ப்பமாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்க. அட்டையைப் பார்த்து ஆளுக்கொரு சீட்டில் வாரக் கணக்கை எழுதித் தருகிறோம்.