தனித்தொகுதியில் வேட்பாளரின் மதம்: கோலார் தங்க வயல் வழக்கு

(கோலார் தங்க வயலில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



தேர்தலில் வேட்பாளரின் மதம் என்றதும், கோயில் கோயிலாகச் சுற்றும் தலைவர்களும் தொலைக்காட்சியில் காட்டப்படும் தியானமும் நினைவுக்கு வருகின்றன. அவை வாக்காளரின் மனத்தைக் குறிவைப்பவை. ஆனால் வாக்காளர் சாவடிக்கு வருவதற்கு முன்பே, வேட்புமனு மேசையிலேயே ஒருவரது மதம் விசாரிக்கப்படும் தொகுதிகளும் இந்நாட்டில் உண்டு. மக்களவையின் 543 இடங்களில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 84 தனித்தொகுதிகளே அவை. கோலார் அவற்றுள் ஒன்று. அதில் அடங்கிய தங்க வயல் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். இந்த விசாரணை எவ்வளவு தூரம் போகும் என்பதை உச்சநீதிமன்றம் வரை சென்று காட்டிய ஊரும் இதுவே.

1967 பொதுத்தேர்தலில் மைசூர் சட்டமன்றத்திற்கு இத்தொகுதியில் எஸ். ராஜகோபாலும் சி.எம். ஆறுமுகமும் போட்டியிட்டனர். ராஜகோபால் வென்றார். அவர் ஆதிதிராவிடர் அல்லர், கிறிஸ்தவர். ஆகவே இங்கு நிற்கவே தகுதியற்றவர் என்று ஆறுமுகம் வழக்குத் தொடுத்தார். ராஜகோபால் 1949-இல் மதம் மாறியவர் என்று கண்ட உயர்நீதிமன்றம், தேர்தல் செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1968-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவர் மீண்டும் இந்துவாகிவிட்டார் என்பதை அந்நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சாதி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்குச் சான்றில்லை என்றது.

1972-இல் அதே இருவர், அதே தொகுதி, அதே முடிவு, அதே வழக்கு. இம்முறை, 1975 டிசம்பர் 19 அன்று, நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு ராஜகோபாலின் வெற்றியை நிலைநிறுத்தியது. அதற்காக ஆராயப்பட்டவை எவை? தந்தையின் ஈமச்சடங்கு எம்முறைப்படி நடந்தது, பள்ளிப் பதிவேட்டில் பிள்ளைகளின் மதமும் சாதியும் எவ்வாறு எழுதப்பட்டன, ஆதிதிராவிடர் கோயில் விழாக்களுக்கு அவர் அழைக்கப்பட்டாரா என்பவை. சுரங்கத் தொழிலாளியின் கூலியைப் பற்றி அவர் சட்டமன்றத்தில் என்ன பேசினார் என்பதற்கு அவ்வழக்கில் இடமே இல்லை.

மதம் மாறினால் சாதி எல்லா நிலையிலும் தானாகவே அகன்றுவிடும் என்று பொதுவிதி வகுக்க முடியாது என அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. தென்னாட்டுத் தேவாலயங்களையும் கல்லறைத் தோட்டங்களையும் கண்டவர் எவருக்கும் இது புதிய செய்தி அன்று. ஆயினும் திரும்பி வருபவரை ஏற்பதா மறுப்பதா என்ற அதிகாரம் சாதியின் கையிலேயே விடப்பட்டது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்த ஒருவருக்குச் சாதியின் ஒப்புதலும் வேண்டியிருந்தது!

இதன் வேர் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையில், அதன் மூன்றாம் பத்தியில் உள்ளது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது அப்பத்தி. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். பழங்குடியினர் பட்டியலுக்கோ இத்தகைய மதத் தடை ஏதும் இல்லை.

1956 அக்டோபரில் நாகபுரியில் அம்பேத்கரைப் பின்பற்றிப் பௌத்தம் தழுவியவர்கள், 34 ஆண்டுகள் தனித்தொகுதியில் நிற்கும் உரிமையை இழந்திருந்தனர். மராட்டியத்தில் மேஷ்ராம் என்பவரின் வெற்றி இக்காரணத்தாலேயே உச்சநீதிமன்றத்தில் பறிபோனது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை பரப்பிய ஊர் இது. வழக்குத் தொடுத்த ஆறுமுகமோ, அம்பேத்கரின் எண்ணத்தில் உதித்த குடியரசுக் கட்சியின் தலைவராக இங்கு அறியப்பட்டவர். ஒடுக்கப்பட்டோரைப் பிரிக்கும் சட்டத்தை ஒடுக்கப்பட்டவரே ஆயுதமாக எடுக்க நேர்ந்தது.

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா, தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு வந்த குடும்பத்தின் பேரன். அவர் கிறிஸ்தவர் என்று கூறி 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அவரது தேர்தலை ரத்து செய்தது. திருமணப் புகைப்படத்தில் மணமக்கள் அணிந்திருந்த உடைகூட அங்கே சான்றாக ஆராயப்பட்டது. 2025 மே மாதத்தில்தான் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவரது வெற்றியைக் காத்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மேலும் விரிவாக்கியது. வாக்குக் கேட்கும்போது மதத்தைப் பேசக் கூடாது. வேட்புமனுவிலோ மதத்தை மறைக்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு தலித் கிறிஸ்தவத் தொழிலாளி நின்றுகொண்டிருக்கிறார். கோலார் மக்களவைத் தொகுதி 1991 முதல் ஏழு முறை காங்கிரசின் கே.எச். முனியப்பாவிடமும், 2019-இல் பா.ஜ.க.விடமும், 2024-இல் அதன் கூட்டாளியான மதச்சார்பற்ற ஜனதா தளத்திடமும் இருந்தது. இவற்றில் எத்தேர்தலிலும் அத்தொழிலாளி வேட்பாளராகியிருக்க முடியாது.

மூன்றாம் பத்தியை நீக்கினால் இருக்கும் பங்கு குறைந்துவிடும் என்னும் அச்சம் தலித் மக்களிடையே உண்டு. அது பொய்யான அச்சம் அன்று. அதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். தொகுதிகளைப் பொறுத்தவரை, அரசியல் சட்டத்தின் 330-ஆம் பிரிவு ஒதுக்கீட்டை மக்கள்தொகை விகிதத்தோடு இணைக்கிறது. பட்டியலில் சேரும் மக்கள் கூடினால், மறுவரையறையின்போது இடங்களும் கூடியாக வேண்டும். வேலைகளின் கதை வேறு. அங்கே ஒதுக்கீட்டின் அளவை உயர்த்தாமல் பட்டியலை மட்டும் விரித்தால் பூசல்தான் விளையும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு வழியில் ஏற்கெனவே வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, இந்துவும் கிறிஸ்தவரும் பௌத்தரும் ஒருசேர வேலை இழந்தனர். 1946 நவம்பர் 4-இல் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆறு பேரைப் பலிகொடுத்துத் தொழிலாளர்கள் கட்டி வளர்த்த சங்கத்தின் வலிமையும் அத்துடன் குன்றியது. ஏழாண்டு கழித்து, 2008-இல், தங்க வயல் சட்டமன்றத் தொகுதியை பா.ஜ.க. கைப்பற்றியது.

மூன்றாம் பத்தியை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை ஈராண்டுக் கெடுவுடன் அமைத்தது. கெடு முடிந்ததும் அதற்கு நீட்டிப்பு வழங்கியது. இதற்கிடையே ஒரு மக்களவைத் தேர்தல் நடந்து முடிந்துவிட்டது.